கடைசிப் பெட்டியில் ஒரு பெருக்கல் குறி

“ஆறு வருசமா ஒரே ஒரு படம் எனக்கு அமைய மாட்டேங்குது, கேட்டம்மா,” என்றார் நம்பிராசன்.

கேட்டம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படம் எடுக்க வாரவன்லாம் உங்கிட்ட கேட்டுட்டுத்தான் குளத்துல இறங்குதான். எந்தப் பறவை எங்க உக்காந்திருக்கு, எந்த வண்டி எப்பம் வரும், எல்லாம் உனக்குத் தெரியும்னு சொல்லுதான். எனக்கும் ஒரு வழி சொல்லு.”

“கல்லுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க அண்ணாச்சி,” என்றாள் அவள்.

நம்பிராசன் குனிந்து பார்த்தார். ரயில்வே எல்லைக் கல்லுக்கு உள்ளே அவருடைய இடது கால் ஒரு சாண் கிடந்தது. பின்னால் எடுத்துக்கொண்டார்.

அதைப் பாடமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆனைமடைக் குளத்தின் மேற்குக் கரையில் இருந்தது அந்த ரயில்வே கேட். அதை அடைப்பதும் திறப்பதும் கோமதியின் வேலை. நாற்பது வயது. கையில் கேமராவைத் தொட்டவள் இல்லை. ஆனால் காலையில் அந்த இடத்தில் பறக்கிறது, ஓடுகிறது, நீந்துகிறது எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் போகும். அதனால் படம் எடுப்பவர்கள் அவளைக் கேட்டம்மா என்று கூப்பிட்டு, நின்று, ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு வார்த்தைதான் கிடைக்கும்.

நம்பிராசனுக்கு அறுபத்து நாலு. முப்பது வருசம் லாரி ஓட்டியவர். அடைத்த கேட்டுகளில் நின்று நின்றுதான் அவருக்கு ரயில் பிடித்தது. ரயிலைப் பார்த்து முடித்துப் பொழுது போகாமல் பறவை பிடித்தது. லாரியை விட்டு இறங்கியதும் ஒரு பழைய கேமரா வாங்கினார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கேமராவின் பித்தான்களில் எழுதியிருப்பது அவருக்கு வாசிக்க வராது. கியர் மாதிரி, எது எந்த இடத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

“எடுத்த படத்தைக் காட்டுங்க,” என்றாள் கோமதி.

மொபெட் பெட்டியிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்தார். மகள் கல்யாணத்தில் மிஞ்சியது. அட்டையில் பிள்ளையார் இருந்தார். உள்ளே ரயில் இருந்தது.

கோமதி கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள்.

கூழைக்கடா. ரயில். வர்ண நாரை. ரயில். மழை இருட்டில் நெல்வயல். ரயில். ரயில்.

“பறவைக்கெல்லாம் மூக்கு இருக்கு,” என்றாள். “வண்டிக்குத்தான் மூஞ்சி இல்ல.”

“என்னது?”

“எல்லாம் வாலு. ஒரு வண்டிக்கும் முன்பக்கத்தைக் காணோம்.”

“இங்கன நின்னா வால்தான் கிடைக்கும். வண்டி கேட்டைத் தாண்டி, பாலத்துல ஏறி, அந்தாக்குல போகுதுல்லா. வெயிலும் கண்ணுக்கு நேரால்லா அடிக்கி.”

“அந்தக் கரைக்குப் போனா?”

“போனா மூஞ்சி கிடைக்கும். வெயிலும் முதுகுக்குப் பொறத்த போயிரும்.”

“போக வேண்டியதுதான?”

“அங்க அவன் இருக்கான்.”

கோமதி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீருக்கு அப்பால், கிழக்குக் கரையில், மொட்டைப் பனைக்குக் கீழே ஒரு பாறை. பாறை மேல் வெள்ளையாக ஒரு புள்ளி.

“ஆசீர்வாதம் அண்ணாச்சியா?”

“அவன் பேரை எங்கிட்ட சொல்லாத.”

ஆசீர்வாதம் தையல்காரர். நம்பிராசனைவிட ஒரு வயது இளையவர். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் கேமரா வாங்கி, ஒரே பாறையில் ஒரே தூக்குவாளிக் காப்பியைக் குடித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள். அது ஆறு வருசத்துக்கு முந்தி.

கோமதி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒட்டாமல் ஒரு படம் கிடந்தது.

“இதுல மூஞ்சி இருக்கே,” என்றாள்.

“அது மூஞ்சியா? நல்லாப் பாரு.”

படம் முழுக்க ஒரு மனிதனின் முதுகு. வெள்ளைச் சட்டை. தோளுக்கு மேலே மட்டும் ரயில் எஞ்சின் எட்டிப் பார்த்தது. ஓரத்தில் ஒரு கூழைக்கடாவின் பாதி இறக்கை.

“அன்னைக்கு மாதிரி ஒரு நாள் அதுக்குப் பொறவு வரல,” என்றார் நம்பிராசன். “குளத்துல தண்ணி வத்தி, மீனெல்லாம் பாலத்தடியில ஒதுங்கிட்டு. அதைத் தேடி அம்பது கூழைக்கடா. ஆறேமுக்கால் பாசஞ்சர் பாலத்துல ஏறுது. ஏறவும் எல்லாம் ஒண்ணு போல எழும்புது. நான் கண்ணை வச்சிட்டேன், விரலை வச்சிட்டேன். அமுக்கப் போற நேரத்துக்கு இவன் எழுந்திரிச்சி முன்னால நின்னுட்டான்.”

“எதுக்கு?”

“அவன் எடுக்கதுக்குத்தான். எடுத்திட்டான். நல்லா, முழுசா எடுத்திட்டான்.”

“அந்தப் படத்தைப் பாத்தியளா?”

“காட்டுவானா? ஒளிச்சில்லா வச்சிருக்கான். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன்கிட்டயும் காட்டல. காட்டுனா நான் வந்து நாக்கைப் பிடுங்குத மாதிரி கேப்பேன்னு தெரியும்.” அவர் விரலை நீட்டிப் படத்தைத் தொட்டார். “ஊருக்கெல்லாம் தச்சவன் சட்டையைப் பாரு. முதுகுல நாலு இடத்துல தையல் விட்டிருக்கு.”

“எண்ணி வச்சிருக்கிய.”

“ஆறு வருசமா வேற என்ன வேலை?”

கோமதி ஆல்பத்தை மூடிக் கொடுத்தாள்.

“இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு,” என்றார் நம்பிராசன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பங்குனி பிறந்தா பாலத்து நெடுக கரண்டுக் கம்பம் நடுதாங்க. கம்பி வந்துட்டா அந்தப் பாலம் அந்தப் பாலமா இருக்காது. இந்த வருசம் தண்ணியும் வத்தியிருக்கு, பறவையும் வந்திருக்கு. இப்பம் விட்டா எனக்கு அது கிடைக்கவே செய்யாது.”

கேபினுக்குள் டெலிபோன் அடித்தது. அவள் போய்ப் பேசிவிட்டு வந்து, கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்கினாள். பச்சைக் கொடியோடு நின்றாள். பாசஞ்சர் வந்தது. போனது. கேட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“கடைசிப் பெட்டியில என்ன இருந்துச்சு அண்ணாச்சி?”

“என்ன இருக்கும்? பெட்டிதான் இருந்துச்சு.”

“பெட்டியில?”

“சனம் இருந்துச்சு.”

“பெருக்கல் குறி,” என்றாள் கோமதி. “பொறத்தால மஞ்சள்ல பெரிசாப் போட்டிருக்கும். சனம் போற வண்டிக்கெல்லாம் கடைசிப் பெட்டியிலதான் அது இருக்கும். அதைப் பாத்தாத்தான் வண்டி முழுசாப் போயிட்டுன்னு அர்த்தம். அது இல்லேன்னா வழியில பெட்டி கழண்டு நிக்குன்னு அர்த்தம். பெருக்கலைப் பாக்காம கேட்டைத் திறக்கக் கூடாது.”

“சரி. அதுக்கும் எனக்கும் என்ன?”

“பத்து நாளைக்குக் கேமரா பைக்குள்ள இருக்கட்டும். காலையில வாங்க. இங்கன நில்லுங்க. போற வண்டிக்கெல்லாம் பெருக்கல் இருந்துச்சான்னு எனக்குச் சொல்லுங்க.”

“நீ பாக்க மாட்டியா?”

“என் வேலையை நான் பாப்பேன். நீங்களும் பாருங்க.”

நம்பிராசன் அவளையே பார்த்தார்.

“இருக்கதே பன்னெண்டு நாள். அதுல பத்தை நீ எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?”

“ரெண்டு,” என்றாள் கோமதி.

*

நம்பிராசன் லேசில் எதையும் மறக்கிற ஆள் இல்லை. செய்யாத தப்புக்குக் காதைத் திருகிய ஐந்தாம் வகுப்பு வாத்தியார், கல்யாண வீட்டில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்த மைத்துனர், பாதி டம்ளர் டீ கொடுத்துவிட்டு முழு டம்ளர் என்று சாதித்த கடைக்காரர். வாத்தியார் செத்து இருபது வருசம் ஆகிவிட்டது. அவரை மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை என்று நம்பிராசன் நினைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்டம்மாவையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு எல்லைக் கல்லுக்கு வெளியே வந்து நின்றார். கேமரா பைக்குள் இருந்தது.

“இருந்துச்சு,” என்றார், முதல் வண்டி போனதும்.

கோமதி கேட்டைத் தூக்கினாள்.

“இருந்துச்சு,” என்றார், இரண்டாவது வண்டிக்கு.

அவள் தலையைக்கூட ஆட்டவில்லை.

இரண்டாம் நாள் கேட்டில் நின்ற பால்காரர் செல்லப்பா அவரைப் பார்த்துவிட்டார்.

“என்ன டிரைவரே, ரயில்வேயில சேந்துட்டியளா?”

“ஆமா.”

“அறுபத்து நாலு வயசுல வேலை கொடுக்கானா?”

“கண்ணு நல்லாத் தெரியுதவனுக்குக் கொடுக்கான். நீரு தண்ணிக்குள்ள பாலைத் தேடுத ஆளு. உமக்குக் கொடுக்க மாட்டான்.”

கேட்டில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். செல்லப்பாவும் சிரித்தார். நம்பிராசன் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் வண்டி போன உடனே ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். விடாமல் அடித்தான். கோமதி கடைசிப் பெட்டியைப் பார்த்து, கொடியைச் சுருட்டி, கைப்பிடிக்கு நடந்தாள். அவ்வளவும் நடக்கப் பத்து எண்ணும் நேரம் ஆகியிருக்கும்.

“வண்டிதான் போயிட்டுல்லா, திறக்க என்ன கேடு?” என்றான் லாரிக்காரன்.

நம்பிராசன் அவனைத் திரும்பிப் பார்த்தார். இந்த வார்த்தையை இதே ராகத்தில் அவர் முப்பது வருசம் சொல்லியிருக்கிறார்.

“பெருக்கல் பாக்க வேண்டாமாடே?” என்றார்.

“எது?”

“ஒண்ணுமில்ல. போ.”

*

நாலாம் நாள் ஞாயிறு. எதிர்க்கரைப் பாறை காலியாகக் கிடந்தது.

“அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருப்பாரு,” என்றாள் கோமதி. “ஞாயித்துக்கிழமை கல்லு சும்மாதான கெடக்கு. ஆறு வருசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போயிருக்கலாமே?”

“அவன் உக்காந்த கல்லுல போயி நான் உக்காரவா?”

“யாரு உக்காந்தான்னு கல்லுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்லா.”

பாசஞ்சர் வந்தது. பாலத்தில் ஏறியது. முப்பது கூழைக்கடா எழும்பி, ரயிலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. நம்பிராசனின் கை பையின் ஜிப்பில் போய் நின்றது. கோமதி அந்தக் கையைப் பார்த்தாள். கை கீழே இறங்கியது.

“இருந்துச்சு,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கேட்டைத் தூக்கிவிட்டு அவள் வண்டி போன நேரத்தைச் சீட்டில் எழுதப் போனாள். வண்டி இன்னும் பாலத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பழைய பாலம்; அதில் மெதுவாகத்தான் போகும்.

“ஏம்மா, அது போற அழகைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா?”

“பெருக்கல் பாத்தாச்சே அண்ணாச்சி,” என்றாள் அவள்.

*

ஏழாம் நாள் ஒரு சரக்கு வண்டி வந்தது. ஐம்பது வாகன் இருக்கும். அது போய் முடிய வெகு நேரம் ஆனது.

அந்த நேரத்தில் எதிர்க்கரையில் ஆசீர்வாதம் பாறையிலிருந்து எழுந்து, வேட்டியை உதறி, மறுபடியும் உட்கார்ந்தார். தூக்குவாளியைத் திறந்தார். குடித்தார். மூடினார்.

வாகன்களுக்கு இடையே விட்டு விட்டுத் தெரிந்த இதையெல்லாம் நம்பிராசன் ஒன்று விடாமல் பார்த்தார்.

“இருந்துச்சா அண்ணாச்சி?” என்றாள் கோமதி.

“இருந்துச்சு.”

“என்னது?”

“பெருக்கல்.”

“மஞ்சள்லயா?”

“மஞ்சள்லதான். என்ன, சந்தேகமா?”

“சரக்கு வண்டிக்குப் பெருக்கல் போட மாட்டாங்க,” என்றாள் கோமதி. “கார்டு பெட்டிக்குப் பொறத்த ஒரு சின்ன போர்டு தொங்கும். அவ்வளவுதான்.”

நம்பிராசன் எதிர்க்கரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“எங்க பாத்துட்டு நின்னிய?”

“அவன் காப்பி குடிக்கான்,” என்றார் நம்பிராசன். “ஒத்தையில குடிக்கான். வெக்கமில்லாம.”

கோமதி போர்டைப் பார்த்திருந்ததால் கேட்டைத் தூக்கினாள்.

*

பத்தாம் நாள் முடிந்தது. அன்றைக்கு வரைக்கும் நூற்று நாற்பது வண்டிக்குச் சொல்லியிருந்தார். அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தே சொன்னார்.

பதினோராம் நாள் ஞாயிறு. கேமராவை வெளியே எடுத்தார். நல்ல வெளிச்சம். பாறை காலி.

“போறியளா?” என்றாள் கோமதி.

“இங்கனயே எடுப்பேன்.”

பாசஞ்சர் வந்தது. பறவை எழும்பியது. நம்பிராசன் வெயிலுக்கு நேராகக் கேமராவைப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். கறுப்பாக ஒரு பாலம், கறுப்பாக ஒரு வால், கரித்துண்டு சிதறிய மாதிரி பறவை.

எல்லைக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. கால் வெளியேதான் இருந்தது.

“நீ சொன்னதையெல்லாம் செஞ்சேன்,” என்றார். “பத்து நாள் தொலைஞ்சுது. எனக்கு என்ன கிடைச்சுது? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்கு அவன் வந்து உக்காந்திருவான்.”

“ஆமா.”

“எனக்கு அந்தப் படம் போச்சு. ஆறு வருசத்துக்கு முந்தி அன்னைக்கே போச்சு. அவன் முதுகுதான் எனக்கு மிச்சம்.”

கோமதி பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“அன்னைக்கு அந்தப் பாசஞ்சருக்குப் பெருக்கல் இருந்துச்சா அண்ணாச்சி?”

“என்னைக்கு?”

“ஆறு வருசத்துக்கு முந்தி. அவரு எழுந்திரிச்சி முன்னால நின்ன அன்னைக்கு.”

“எவன் பாத்தான்? நான் அவன் முதுகைல்லா பாத்துட்டு நின்னேன்.”

“பாக்கல.”

“பாக்கல.”

“அப்பம் அந்த வண்டி இன்னும் போகல,” என்றாள் கோமதி.

கொடியை முழுக்கச் சுருட்டிக் கட்டி, கேபினுக்குள் போய்விட்டாள்.

*

பன்னிரண்டாம் நாள் நம்பிராசன் ஆறரைக்கு வந்தார். நேரம் கழித்து வருவது அவர் வழக்கம் இல்லை. முகத்தைப் பார்த்தால் தூங்கியவர் மாதிரி இல்லை.

எதிர்க்கரையில் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருந்தது. பாலத்தடியில் கூழைக்கடாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. எண்ணவே தேவையில்லை. அன்றைக்கு மாதிரியே இருந்தது. பாலத்தின் ஓரமாக இரும்புக் கம்பங்கள் படுத்துக் கிடந்தன. நாளைக்கு எழுந்து நிற்கும்.

கேட் திறந்து கிடந்தது.

நம்பிராசன் மொபெட்டைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த செல்லப்பா, “போங்க டிரைவரே, திறந்துதான கெடக்கு,” என்றார்.

“நீரு போம்.”

செல்லப்பா சுற்றிக்கொண்டு போனார். ஒரு மினி பஸ் போனது. இரண்டு சைக்கிள் போனது.

உள்ளே டெலிபோன் அடித்தது. கோமதி பேசினாள். எழுதினாள். வெளியே வந்து கைப்பிடியில் கையை வைத்தாள்.

“அடைக்கப் போறேன் அண்ணாச்சி,” என்றாள். “போறதா இருந்தா இப்பம் போயிருங்க.”

நம்பிராசன் அவளைப் பார்த்தார். அவள் வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொபெட் தண்டவாளத்தில் தட்டித் தட்டி ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் கேட் இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

*

கரை ரோட்டில் அரை மைல். மொட்டைப் பனைக்கு அடியில் மொபெட்டைச் சாய்த்தார். பாறையை நோக்கி நடந்தார். ஆறு வருசத்தில் பாறை கொஞ்சமும் மாறியிருக்கவில்லை. அதுவே அவருக்குக் கோபமாக இருந்தது.

ஆசீர்வாதம் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் கிடந்த பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

“முள்ளு கெடக்கு,” என்றார். “பாத்து உக்காரும்.”

நம்பிராசன் முள்ளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கேமராவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கைக்குத் தெரிந்த இடங்களில் கையை வைத்தார்.

வெயில் முதுகில் இளம் சூடாக விழுந்தது. பாலம் ஒவ்வொரு கல்லாகத் தெரிந்தது.

அந்தக் கரையில் பாசஞ்சர் ஊதியது. கேட்டைத் தாண்டியது. எஞ்சின் பாலத்தின் வாயில் வந்து, முகத்தைக் காட்டியது.

நம்பிராசன் கண்ணை வைத்தார்.

எஞ்சின் முதல் வளைவைத் தாண்டியது. தண்ணீர் நடுங்கியது. ஒரு கூழைக்கடா எழும்பியது. பிறகு பத்து. பிறகு அத்தனையும். இறக்கைக்கு நடுவே எஞ்சினின் முகம், அடியில் பாலம், அதற்கும் அடியில் தண்ணீரில் இன்னொரு பாலம். ஆறு வருசமாகக் கண்ணை மூடினால் வருவது எதுவோ, அது கண்ணைத் திறந்த இடத்தில் வந்து நின்றது.

விரலை வைத்தார்.

வெள்ளையாக ஒன்று எழுந்து முன்னால் நின்றது.

கட்டம் முழுக்கச் சட்டை. முதுகில் ஐந்து இடத்தில் தையல் விட்டிருந்தது. ஒன்று புதுசு.

நம்பிராசன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். ஆறு வருசமாகச் சேர்த்து வைத்த வார்த்தை அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. எதை முதலில் எறிவது என்றுதான் நிதானிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் பார்த்தார்.

ஆசீர்வாதத்தின் கேமரா பாறையில் கிடந்தது. மூடிகூடக் கழற்றவில்லை.

ஆசீர்வாதம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. பறவையின் நிழல் அவர் சட்டை மேல் ஒவ்வொன்றாக ஓடியது.

“வே,” என்றார் நம்பிராசன்.

ஆசீர்வாதத்துக்குக் கேட்கவில்லை.

“வே, ஆசீர்வாதம்.”

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அன்னைக்கு நீரு எடுத்த படம் எங்க வே?”

“என்னைக்கு?”

“ஆறு வருசத்துக்கு முந்தி. இதே இடத்துல.”

“நான் எங்க எடுத்தேன்?” என்றார் ஆசீர்வாதம். “அது எழும்பவும் நானும் எழும்பிட்டேன். எனக்கு அதை உக்காந்து பாக்க வர மாட்டேங்கு வே. கேமராவே ஞாபகத்துக்கு வராது.”

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தை விட்டு இறங்கி, பாறைக்குப் பக்கத்தில் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

ஆசீர்வாதம் இப்போதுதான் நம்பிராசனின் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். கையைத் தலையிலிருந்து மெதுவாக இறக்கினார்.

“மறச்சிட்டேனா வே?” என்றார். “இன்னைக்கும் மறச்சிட்டேனா?”

நம்பிராசன் அவர் பக்கம் திரும்பவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது பெட்டி போனது. ஒன்பது போனது. பத்து. கடைசிப் பெட்டி அவர்களைத் தாண்டி, பின்பக்கத்தைக் காட்டியது.

அது பனைக்கு அப்பால் சின்னதாகும் வரை பார்த்தார்.

“பெருக்கல் இருக்கு,” என்றார்.

கேமராவுக்கு மூடியைப் போட்டுவிட்டு, தூக்குவாளிக்குக் கையை நீட்டினார்.